பாலத்துக் கம்பியில் கட்டியிருந்த மஃப்ளர்

தோர்ன்விக்,
செப்டம்பர் 9

அன்புள்ள டோரீன்,

நீ அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பிரித்தும் பார்த்துவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நியூசிலாந்தில் உனக்குக் குளிர் விட்டதா? மகளும் பேரப்பிள்ளைகளும் நலம்தானே?

இங்கே வியாழக்கிழமைச் சந்தை வழக்கம்போல நடக்கிறது. தேவாலயத்துக் கூடம் இன்னும் ஒழுகுகிறது. காய்கறிக் கண்காட்சியில் நீள அவரைக்காய்க்குப் பரிசு கொடுத்த கையோடு, அந்தக் காயை ஈரத்துணியில் சுற்றி இழுத்து நிமிர்த்தியிருந்தார்கள் என்று பெரிய சண்டை. பாதிரியார் நடுவில் போய் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். மீன் கடை நார்மனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் கடை போடவில்லை. அது என்னால்தான்.

பார்த்தாயா, எங்கெங்கோ சுற்றுகிறேன். நான் இப்படிச் சுற்றினால் ஏதோ செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே உனக்குத் தெரியும். சொல்லிவிடுகிறேன். டோரீன், பாலத்துக் கம்பியில் நீ கட்டிவிட்டுப் போன உன் மகன் கீத்தின் மஃப்ளரைக் காற்று அடித்துக்கொண்டு போகவில்லை. நான்தான் அதை அறுத்து எறிந்தேன்.

ஜூலையில், எந்த ஊர் பூவும் சுத்தமுமாக இருக்கிறது என்று பார்க்கும் பூப் போட்டிக்கு நடுவர்கள் வந்தார்கள். நம் ஊர்க் குழுவுக்குத் தலைவி நான் என்பதும், அந்த வாரம் எனக்குப் பேய் பிடித்துவிடும் என்பதும் நீ அறியாததில்லை. போன வருஷம் பஸ் நிறுத்தத்தில் கிடந்த ஒரு சிப்ஸ் பாக்கெட்டால் தங்கப் பரிசு கைவிட்டுப் போனது. இந்த வருஷம் விடுவேனா? நடைபாதைக் கல்லிடுக்கில் முளைத்த புல்லைக்கூட என் சமையலறைக் கத்தியால் நோண்டி எடுத்தேன். அன்று காலை ஏழு மணிக்கு நானும் எங்கள் புதுச் செயலாளர் ஹிலரியும் கடைசிச் சுற்றுப் பார்த்துக்கொண்டு பாலத்துக்கு வந்தோம். ஹிலரி லண்டனிலிருந்து வந்து குடியேறி ஒரு வருஷம்தான் ஆகிறது. அவளுக்கு எதுவும் தெரியாது. “பெரில், இந்தக் கம்பியில என்னங்க கந்தல் தொங்குது? யாரோடது?” என்று கேட்டாள்.

ஐந்து வருஷ வெயிலும் மழையும் தின்று, பாசி பிடித்து, பார்க்கக் கந்தலாகத்தான் இருந்தது. ஆனால் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? கீத் பத்தொன்பது வயதில் இங்கேதான் மோட்டார் பைக்கோடு விழுந்து உயிரை விட்டான், அவன் அம்மா ஊரை விட்டுப் போகும்போது அவனுடைய கால்பந்து அணியின் நிறத்தில் பின்னிக் கட்டிவிட்டுப் போனாள், பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம்தான் விட்டாள். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொன்னது இது: “யாராச்சும் குடிகாரன் மாட்டிட்டுப் போயிருப்பான். நான் எடுத்துடறேன்.”

இந்த வாயால்தான் சொன்னேன், டோரீன்.

உன் முடிச்சு அவிழவில்லை. செடி வெட்டும் கத்தரியால் வெட்டி, பிடுங்கிய களையோடு கறுப்புப் பையில் போட்டேன். மதியம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தது நிஜம். நடுவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு வருவதற்குள் குப்பை லாரி வந்து போய்விட்டது. இது நிஜம்தான், ஆனாலும் இதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளாதே.

இன்னும் கேள். பத்தரை மணிக்குக் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. நடுவர்கள் பேக்கரி வரைக்கும் வந்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார்கள். பாலத்தை அவர்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. தங்கம் கிடைத்துவிட்டது. கேடயத்தை வைத்துக்கொண்டு நான் பல்லைக் காட்டும் படத்தை உனக்கு அனுப்பவில்லை.

அடுத்த வியாழன், மீன் வாங்க நிற்கிற வரிசையில் வைத்து நார்மன் கேட்டார். அவர் பாலம் ஏறும்போதெல்லாம் கீத்துக்காக இரண்டு தடவை ஹாரன் அடிப்பவர், கண்ணில் படாமல் இருக்குமா? “என்னம்மா பெரில், நம்ம கீத்தோட மஃப்ளர் எங்க?”

“அன்னிக்கு அடிச்ச காத்துல போயிருக்கும் நார்மன்.” எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பார்.

“அப்போ ஆத்துலதான் எங்கயாச்சும் மாட்டிக்கிட்டிருக்கும். தேடிடுவோம். டோரீனுக்கு நாம என்ன பதில் சொல்றது?”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினோரு பேர் கிளம்பிவிட்டார்கள். நார்மன் இடுப்புவரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார், எழுபத்தொரு வயதில். மற்றவர்கள் காஞ்சொறிச் செடிக்குள் குச்சியை விட்டுக் கிளறினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுபோய் ஊற்றிக் கொடுத்தேன். “அந்த வளைவுலயும் பாருங்க” என்று கை வேறு காட்டினேன்.

ஹிலரியும் வந்திருந்தாள். என்ன நிறம், எங்கே கட்டியிருந்தது என்று நார்மன் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. கீழே இருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். எல்லாரும் போன பிறகு, “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதச் சுத்தியே நான் பூ வெச்சிருப்பேனே பெரில்” என்றாள். இன்றுவரை அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிறகு ஆகஸ்ட் மாத ஊர்ச் செய்தி மடலில், ‘காற்றில் போன மஃப்ளரைத் தேடியவர்களுக்கு நன்றி’ என்று நானே தட்டச்சு செய்து நானே அச்சுக்குக் கொடுத்தேன். உனக்கும் தபாலில் சேர்த்தேன். அதைப் படித்துவிட்டுத்தானே நீ புதிது பின்ன உட்கார்ந்தாய்? விரல் மடங்கவில்லை, ஊசி பிடிக்க முடியவில்லை என்று உன் மகள் ஈஸ்டரின்போது போனில் சொன்னாளே. இரண்டு இடத்தில் கண்ணி விட்டிருக்கிறது, தடவிப் பார்த்தேன். உள்ளே சீட்டு வேறு: “காற்றுக்கு நீ என்ன செய்வாய் பெரில்? கீத் நாளுக்குள் கட்டினால் போதும். மழையில் நிற்காதே, உன் முழங்கால் எனக்குத் தெரியும்.” மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். எனக்கு அழக்கூட உரிமை இல்லை.

அக்டோபர் மடலில் உண்மையை எழுதி வைத்துவிட்டேன். இருபத்தைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. ஊர் என்னைக் காறித் துப்பட்டும். ஆனால் ஊருக்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும். போனில் சொல்லப் பார்த்தேன், இரண்டு தடவை. நீ “ஹலோ” என்றதும் வைத்துவிட்டேன்.

அக்டோபர் இரண்டாம் தேதி கீத்தின் நினைவு நாள். மஃப்ளரை உன் தாளிலேயே சுற்றி வைத்திருக்கிறேன். நார்மன் கட்டட்டும் என்றால் இன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். என் கை அதன்மேல் படக்கூடாது என்றால் அதையும் எழுது. பக்கம் பக்கமாகத் திட்டு, ஒரு வார்த்தைகூடத் திருப்பிச் சொல்லமாட்டேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே, டோரீன். தினமும் தபால்காரருக்காக வாசலில் நிற்பேன்.

உன் கையைப் பிடித்துக்கொண்டு,
பெரில்