விறகடியில் இருப்பது சாரைதான்

அழகாயி,

முனியாண்டி சாமி சாட்சியாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. விறகடியில் இருப்பது சாரைப் பாம்பு. காலையில் நீ, "அது நல்லபாம்புங்க, அடிச்சுப் போடுங்க"ன்னு கெஞ்சினபோது நான் சிரித்தேன். அதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

சாரைக்குக் கண் பெரிசு, படம் எடுக்காது, எலி தின்னும், ஆளைக் கண்டால் ஓடும். பலாபத்வலைச் சந்தியில் ஒரு சாரை எனக்கு முன்னால் ஓடிப்போய் பஸ் ஏறிவிட்டது. கண்டக்டர் அதற்கும் டிக்கட் கிழித்தான். அது கடித்தாலும் எறும்புக் கடிதான். நல்லபாம்பு கடித்தால்தான் கண் இமை இறங்கும்.

நீ கோயிலுக்குப் போனதும் விறகடியில் ரெண்டு பாம்பு பின்னிக்கொண்டு ஆடின. அந்த நேரம் அதுகள் மேல் புதுத்துணியைப் போட்டு எடுத்து வைத்தால் வீட்டுக்கு நல்லது வரும் என்று நீதானே சொல்வாய். உன் தீபாவளிச் சேலையை அதுகள் மேல் விரித்துப் போட்டேன். எடுக்கும்போது விரலில் ஒரு கடி. சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

ரொட்டி சட்டியில், சம்பல் உறியில். சாவி பக்கத்தில் பலீல் நானா வீட்டில். அவர் லொறியில்தான் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், சும்மா காட்டிவிட்டு வர.

விறகுப் பக்கம் போகாதே. பேரப்பிள்ளைகளையும் விடாதே.

எழுத்துக் கோணலுக்குக் கோபிக்காதே. ரெண்டு இமையும் இறங்கிவிட்டன. ஒன்றை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.