தம்பதி எண் இல்லாதவளுக்கு ஒரு மாத்திரை

ஜூலை 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். துணை சுகாதார நிலையத்தில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் இல்லை. கர்ப்பிணிகள் ஆறு பேர்.

பத்தரைக்கு சுகன்யா. இந்த ஊர்ப் பெண், இருபத்திரண்டு வயது, தவளக்குப்பம் ஜவுளிக்கடையில் வேலை. எல்லோரும் போகும்வரை எடை மெஷின் பக்கம் நின்றாள்.

"அக்கா, அந்த அவசர மாத்திர இருக்குதா? சனிக்கிழம சாயங்காலம்... தப்பாயிடுச்சு."

இருக்கிறது. ஆனால் கொடுத்தால் தம்பதிப் பதிவேட்டு எண் எழுதவேண்டும். கல்யாணம் ஆகாதவளுக்கு எண் ஏது?

"உனுக்கு நம்பரே கெடையாதேடி. அது கலைக்கிற மாத்திர. எதுனா ஆச்சுன்னா நானா பதில் சொல்றது? அம்மாவ கூட்டினு வா."

நன்றாகத் திட்டியே அனுப்பினேன். சரியாகத்தான் செய்தேன். மதியம் புளிசாதம்.

ஜூலை 9, செவ்வாய்

தூறல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருத்தடைப் பயிற்சி. முதலில் வினாத்தாள். அவசர மாத்திரை கருவைக் கலைக்குமா? 'ஆம்' என்று எழுதினேன். பக்கத்தில் வில்லியனூர் சிஸ்டர் என்னைப் பார்த்து எழுதினாள். இருபது வருட சர்வீஸ்காரி எழுதினால் சரியாக இருக்கும் என்று நம்பியிருக்கிறாள், பாவம்.

டாக்டர், சின்னப் பெண்: "கலைக்காதுங்க. கரு உண்டாகாம தடுக்கும், அவ்ளோதான். மூணு நாளுக்குள்ள போடணும். எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது."

கல்யாணம் ஆகாதவர்களுக்கு என்று கேட்டேன்.

"கேக்குறவங்களுக்குக் குடுங்க. நம்பர் இல்லன்னா அந்த எடத்துல கோடு போட்டு விடுங்க."

விரல் விட்டு எண்ணினேன். இன்று சாயங்காலத்தோடு மூன்று நாள் முடிகிறது. வெட்கமாக இருந்தது.

டீக்குக்கூட நிற்கவில்லை. நிலையத்துக்குப் போய் மாத்திரை, அங்கிருந்து ஸ்கூட்டியில் தவளக்குப்பம். சிக்னலில் வண்டி நகரவே இல்லை. கடையில் நுழையும்போது மணி நாலு இருபது.

முதலாளி எதிரிலேயே இருந்தார். சுகன்யா என்னைத் தெரியாதவள் போல, "இன்னாக்கா வேணும், ஜாக்கெட் பிட்டா?"

"ஆமாம்மா, மெரூன்."

துணியைப் பிரித்துப் பார்த்து, அடியில் மாத்திரையை வைத்துத் திருப்பிக் கொடுத்து, காதோரம் சொன்னேன்: "இப்பவே போட்டுக்க. நேத்து நான் சொன்னது தப்பு. நாள் தள்ளிப்போனா வந்துடு." முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினாள். பிட்டை வாங்கவேண்டியதாயிற்று. மெரூனில் என்னிடம் புடவையே இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

தடுப்பூசி பதினொன்று. சுகன்யாவிடமிருந்து தகவல் இல்லை. போய்க் கேட்கவும் முடியாது. திங்களன்றே கொடுத்திருந்தால் இந்தப் பயம் இல்லை.

ஜூலை 24, புதன்

வெயில். ரிப்போர்ட் பாதியில்.

மதியம் சுகன்யா. கூட அதே கடைச் சீருடையில் இன்னொரு பெண்.

"எனக்கு வந்துடுச்சுக்கா. இவ எங்க கடைதான். இவளுக்கு நேத்து."

அப்பாடா. உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணிடம் சுகன்யா சொன்னாள்: "மொதல்ல திட்டுவாங்க, வாங்கிக்க. அப்பால குடுத்துருவாங்க."

பதிவேட்டில் எண்ணுக்குப் பதில் கோடு போட்டேன். மாத்திரையும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுத்தேன். விழுங்கினாள். அப்புறமும் நகரவில்லை. திட்டுக்காகத் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.