செம்மலின் பையில் இருந்த புள்ளி

புதுச்சேரி,
வியாழன் மாலை, ஏழு மணி.

அன்புள்ள ஆரோக்கியத்துக்கு,

நம் சரிதா மலைப் போட்டியிலிருந்து விலகவில்லை. விலகியது அவள் அணியில் இருந்த செம்மல். போட்டி அலுவலகத்தில் பொறுப்பாக இருக்கும் துர்கா என்ற பெண் ஐந்தேகால் மணிக்குப் போனில் இதை உறுதிசெய்தார். பிறகு செம்மலிடமே பேசினேன். மத்தியானம் உன் அல்பேர் அண்ணன் உன்னிடம் சொன்னது தவறு. அதைக் கேட்டு நீ கோயிலுக்குப் போய் நன்றிக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாயாம். அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதிதான் உன் காதில் விழும், அதனால் மெயிலில் அனுப்புகிறேன்.

தவறு நேர்ந்தது இப்படி. போட்டியின் வலைப்பக்கத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு புள்ளி நகரும். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே கருவி, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. அது இருக்கும் இடத்தில்தான் புள்ளியும் நிற்கும். இன்று காலையிலிருந்து அது அடிவார முகாமில் அசையாமல் இருந்தது. பக்கத்தில் ‘ரிட்டயர்ட்’ என்று ஒரு சொல். யார் என்று போடவில்லை. விளையாட்டில் அதற்குப் பாதியில் நிறுத்திக்கொண்டவர் என்று பொருள். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் உன் அண்ணனுக்கோ அதற்கு ஒரே பொருள்தான், ரெத்ரேத், பென்ஷனோடு ஓய்வு. “நான் முப்பத்தேழுல வாங்குன ரெத்ரேத்த ஒங்க பொண்ணு இருபத்தொம்போதுலயே வாங்கிட்டா மாப்ள, கேம்ப்ல கால நீட்டிப் படுத்திருக்கா” என்று என்னிடமும் சொல்லிச் சிரித்தார். நானும் புள்ளியைப் பார்த்தேன். நம்பினேன்.

செம்மலை உனக்குத் தெரியும். குருசுக்குப்பத்துப் பையன், தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சரிதாவோடு காலாப்பட்டு தாண்டிச் சைக்கிள் மிதித்துவிட்டு நம் வீட்டில் சாப்பிடுவான். அவன் சொன்னதை எழுதுகிறேன். படகும் சைக்கிளும் முடிந்து, உத்தராகண்ட் மலையில் நடைப்பகுதி தொடங்கியிருந்தது. நேற்று இருட்டிய பிறகு அவனுக்கு வாந்தி நிற்கவில்லை. கருவியில் உள்ள ஆபத்து பட்டனைச் சரிதா அழுத்தினாள். விடிந்ததும் ஆட்கள் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ட்ரிப்ஸ் ஏற்றியிருக்கிறார்கள். குரல் தெளிவாக இருக்கிறது.

நால்வரில் ஒருவர் குறைந்தால் அணிக்கு இடமோ பரிசோ கிடையாது. மற்றவர்கள் விரும்பினால் கணக்கில் சேராமல் நடந்து முடிக்கலாம். சரிதா, கவிநிலா, ஜெர்ரி மூவரும் அதைத்தான் விரும்பியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். “எல்லாருமே எறங்கிடலாம்னுதான் சொன்னேன் அங்கிள். அக்காதான், ஒன் வாந்திக்கு நாங்க ஏன்டா எறங்கணும், நீ போயி கஞ்சி குடி, நாங்க முடிச்சிட்டு வரோம்னாங்க” என்றான். அப்புறம் மூக்கை உறிஞ்சினான். அழுகிறான் என்று புரிந்தது. “டப்பா என் பையிலயே வந்துடுச்சு அங்கிள்” என்றான்.

அவன் சொன்னது அந்தக் கருவியை. முதல் நாளிலிருந்து அது அவன் பையில்தான் இருந்தது. பட்டனை அழுத்திவிட்டுச் சரிதா பழக்கத்தில் அங்கேயே திருப்பி வைத்திருக்கிறாள். இறங்கும் அவசரத்தில் யாருக்கும் எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. முகாமில் அவனுக்கு உலர்ந்த சட்டை தேடியபோது கிடைத்தது. ஆக, காலையிலிருந்து நாம் பார்த்துக்கொண்டிருந்தது செம்மலை. மற்ற மூவரும் எங்கே என்று இப்போது எதுவும் காட்டாது. பட்டனும் அவர்களிடம் இல்லை.

அவர்களிடம் இருப்பது: ஒரு கூடாரம், படுக்கும் பைகள், இரண்டு நாள் உணவு. கிளம்பும் முன் சோதித்துத்தான் அனுப்பினோம் என்றார் துர்கா. வரைபடமும் திசைகாட்டியும் சரிதா கையில். அணிக்கு வழி பார்ப்பவள் அவள்தான். போனை முத்திரையிட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அவசரத்துக்கு உடைக்கலாம், ஆனால் அந்தப் பக்கம் சிக்னல் இல்லை. மத்தியானத்திலிருந்து மேலே மழை. செம்மல் ஆலங்கட்டி என்றான், துர்கா மழை என்று மட்டும் சொன்னார். இரண்டையும் எழுதிவிட்டேன்.

அண்ணன்மேல் கோபப்படாதே. இங்கேதான் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வலைப்பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறார். அதில் இனி ஒன்றுமில்லை என்று சொன்னேன். “இருக்கட்டும் மாப்ள, அந்தப் பையனாவது எடத்த விட்டு நகராம இருக்கானான்னு பாக்குறேன்” என்கிறார்.

நீ பிரசவம் பார்க்கப் போயிருக்கும் பெரியவளிடம் இப்போது சொல்லாதே, பச்சைப் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள். நீ வேளைக்குச் சாப்பிடு. ஜெபத்தில் சரிதாவுக்காக மட்டும் கேட்காதே. கவிநிலாவுக்காகவும் ஜெர்ரிக்காகவும் பெயர் சொல்லிக் கேள். அவர்களை விட்டுவிட்டு அவள் வரமாட்டாள்.

இருட்டுவதற்குள் மூவரும் சேர வேண்டிய இடம் கணவாயில் உள்ள சாவடி. அங்கே வயர்லெஸ்ஸுடன் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆறரை மணிவரை அங்கு யாரும் வந்து சேரவில்லை என்று துர்கா மறுபடி கூப்பிட்டுச் சொன்னார். விடிந்ததும் அந்த இருவரும் தேடிக்கொண்டு கீழே இறங்கி வர, முகாமிலிருந்து ஆட்கள் மேலே ஏறுவார்கள். நாளைக் காலை எட்டு மணிக்குத் துர்கா கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே பிரெஞ்சு நாட்டில் உனக்கு அப்போது விடியற்காலை நாலரை. எதுவானாலும் அடுத்த நிமிடம் நான் உன்னைக் கூப்பிடுகிறேன், ஆரோக்கியம்.

உன்
பிரகாசம்