வண்டிக் கூண்டும் ஒரு கூரைதான்

அண்ணே,

இன்று கண்டி ரயில் நிலையத்தில் கோப்பி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது, கடைசிப் பெட்டியில் ஒரு சவப்பெட்டியை ஏற்றினார்கள். பச்சைப் பலகை வாசனை என் மாட்டு வண்டி வரைக்கும் வந்தது. உடனே உங்களிடம் கேட்க வாயெடுத்துவிட்டேன்: இந்த ரயில் முழுக்க ஒரே கூரையா, பெட்டிக்குப் பெட்டி தனிக் கூரையா? முதல் பெட்டியில் நீங்கள் ஏறலாமா, கூடாதா? மற்ற வண்டிக்காரர்களிடம் கேட்டால் எனக்குப் பேய் ஓட்டப் பார்ப்பார்கள். மாட்டைத் தட்டிவிட்டேன்.

கொச்சியிலிருந்து வந்து, கோப்பி ஸ்டோரில் தராசு பிடித்த யூதர் நீங்கள். உங்கள் குலம் குருக்கள் குலம். பிணம் கிடக்கிற கூரைக்குக் கீழே வரக்கூடாது, வண்டிக் கூண்டும் கூரைதான் என்பீர்கள். ஹேவாஹெட்டப் பாதையில் இடுகாட்டுப் பலாமரம் ரோட்டுக்கு மேலே கிளை நீட்டியிருக்கும். கல்லறையும் வண்டியும் ஒரே கிளைக்குக் கீழ் வந்தால் அதுவும் தீட்டு. என் வண்டியில் வரும்போது அங்கே மட்டும் இறங்கி, பள்ளத்தைச் சுற்றி வருவீர்கள், காலெல்லாம் அட்டையோடு.

“கிளையும் கூரையா அண்ணே? அப்ப வானம்?”

“வானத்த விட்டுட்டாங்கடா. இல்லாட்டி நாங்க எங்க போய் நிக்கிறது?”

அந்த அட்டைக்குத் தீட்டு இல்லையா என்று கேட்டதற்குத்தான் குடையால் அடித்தீர்கள்.

என் பெண்சாதி செல்லம்மா வாந்திபேதியில் போன அன்று தோட்டத்துக் கூலி லயத்தில் ஒரு குஞ்சு குருமான் இல்லை, எல்லோரும் பயந்து ஓடிவிட்டார்கள். கோப்பி நிறுவைக்காக மலைக்கு வந்திருந்த நீங்கள் என் வாசலுக்கு வந்தீர்கள்.

“அண்ணே, உள்ள வராதீங்க. தீட்டு.”

“தூக்க யார் யார் வாராங்க?”

“நாந்தான்.”

சட்டைக் கையை மடித்துக்கொண்டு, குனிந்து உள்ளே வந்துவிட்டீர்கள்.

“ஆளில்லாத பிணம்னா எங்க குலமும் தொடணும். அதுவும் சட்டந்தான், கேட்டியா.”

“அவளுக்கு நான் இருக்கேனே.”

“ஒத்த ஆளு பிணம் தூக்குவானா? காலப் பிடி.”

நான் வண்டியை ஓட்டினேன். கூண்டுக்குள் அவளோடு நீங்கள் உட்கார்ந்தீர்கள். சக்கரம் கல்லில் ஏறும்போதெல்லாம் அவள் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தீர்கள். பலாமரத்துக்குக் கீழும் இறங்கவில்லை. அன்று எனக்கு ஒரு கேலியும் வரவில்லை.

போன மழையில் நீங்கள் காய்ச்சலாய்க் கிடந்தது எனக்குத் தெரியாது. மண் சரிந்து, ஹேவாஹெட்டப் பாதையில் மூன்று நாள் மாட்டோடு மாட்டிக்கொண்டேன். கண்டிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஸ்டோர்க் காவல்காரர் சொன்னார்: “அந்தாளுக்கு யாருமில்ல. மூட்டை தூக்குற நாலு பேரு கொண்டுபோய்ப் புதைச்சாங்க.”

யாரையும் விட்டுவைக்காமல் கிண்டல் பண்ணுகிற என் வாய், அந்த ஒரு பேச்சுக்குப் பதில் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டது. இப்போதும் ஏற்றத்தில் வண்டியை விட்டு இறங்கி மாட்டோடு மாடாக நடக்கும்போது, அந்தப் பதிலை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்: நான் இருந்தேன் அண்ணே. பாதையில் நின்றேன்.