பதின்மூன்று எழுத்து

28 ஜனவரி 2025, செவ்வாய்

இன்று மூன்று போர்டு. மீரா உசேன் பஞ்சர் கடை. கால்நடை மருந்தகம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி. மூன்றையும் முழுதாகப் படித்தேன். கடைசி போர்டு நீளம். 'ஒன்றிய' என்று வருவதற்குள் வண்டி பள்ளி வாசலைத் தாண்டிவிட்டது. மீதியைக் கழுத்தைத் திருப்பிப் படித்தேன். கழுத்து இன்னும் வலிக்கிறது. இருக்கட்டும்.

மீரா உசேன் கடையில் இருபது வருடமாக சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறேன். கடைக்கு மேலே அவர் பெயர் எழுதியிருப்பது இந்த வருடம்தான் தெரியும். எழுபத்திரண்டு வயதில் ஊர் முழுக்கப் புதிதாக இருக்கிறது.

முதியோர் வகுப்பு ஜஸீலா டீச்சர் எனக்கு ஒரு கோடு போட்ட நோட்டு தந்திருக்கிறாள். படித்த போர்டுகளை அன்றன்றைக்கு அதில் எழுத வேண்டும். புதன்கிழமை வகுப்பில் பார்த்து டிக் போடுவாள். "வண்டி தாண்டிப் போயிடுச்சுன்னா, படிச்ச வரைக்கும் எழுதுங்க தாத்தா. படிக்காததை எழுதக் கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அது போர்டு நோட்டு. இந்த டைரி வேறு. அரிசி ஆலையில் கொடுத்தது. இது எனக்கு மட்டும்.

வண்டி ஓட்டிக்கொண்டே என் மகள் செம்மொழி சிரிக்கிறாள். "வாய்விட்டுப் படிக்காதீங்கப்பா. வண்டியில ரேடியோ வேற இல்லன்னு யாரு அழுதா?" என்றாள்.

30 ஜனவரி, வியாழன்

என் பெயரை எழுதினேன். வீரையன். 'ரை' மட்டும் இன்னும் சரியாக உட்காரவில்லை.

1 பிப்ரவரி, சனி

அறுவடை வேகம் பிடித்துவிட்டது. செம்மொழி நான்கு மணிக்கு எழுந்து எங்கள் குட்டியானை லோடு வண்டியை எடுக்கிறாள். அறுவடை மிஷின் ஏஜெண்டு அண்ணாதுரை எந்த வயல் என்று போனில் சொல்வார். அங்கே போய் நெல் மூட்டை ஏற்றிக் கொள்முதல் நிலையத்தில் இறக்க வேண்டும். எடை போடும்வரை மூட்டைக்குக் காவல் இருப்பது என் வேலை. ஒரு நாளைக்கு நான்கு நடை. பங்குனி வரைக்கும் இப்படித்தான். அதற்குப் பிறகு செங்கல், வைக்கோல், எப்போதாவது கல்யாணச் சாமான். வருடம் முழுக்க இந்த மூன்று மாதத்தை வைத்துத்தான் ஓடுகிறது.

புருஷனை விட்டு வந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. இன்றைக்கு முப்பத்தாறு. இந்தப் பக்கத்தில் லோடு வண்டி ஓட்டும் பெண் இவள் ஒருத்திதான். அதை நான் இதுவரை அவளிடம் சொன்னதில்லை. எழுதுவது சுலபமாக இருக்கிறது.

3 பிப்ரவரி, திங்கள்

கை நடுங்குகிறது. எழுத்து கோணல் மாணலாக வருகிறது.

மன்னார்குடி ரோட்டில் போலீஸ் நிறுத்திவிட்டது. இருபது மூட்டை ஏற்றியிருந்தோம். புளியமரத்தடியில் ஒருவர் முக்காலியில் வேகம் அளக்கும் மிஷினை வைத்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் நடுரோட்டுக்கு வந்து கை காட்டினார். ஐம்பதில் போக வேண்டிய இடம். எழுபத்தெட்டில் வந்தீர்கள் என்றார்.

செம்மொழி இறங்கிப் போய் மிஷினைப் பார்த்தாள். படத்தில் எங்கள் வண்டி இருக்கிறது. ஓரத்தில் பாதி கார் தெரிகிறது.

"சார், இந்தக் காரு எங்களை ஓவர்டேக் பண்ணிப் போச்சு. மிஷினு அதைப் பிடிச்சிருக்கு."

"மிஷினுக்குக் காரும் தெரியும், உன் வண்டியும் தெரியும்மா."

"இருபது மூட்டையோட இது எழுபத்தெட்டு போவுமா சார்? நீங்க ஏறி ஓட்டிப் பாருங்க."

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அதுவரை சும்மா பேசிக்கொண்டிருந்தவர் முகம் மாறிவிட்டது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார். போன வருடமும் ஒரு தடவை இதே மாதிரி ஆகியிருக்கிறது என்று போனில் பார்த்துச் சொன்னார். மேலே அனுப்புவோம், கடிதம் வரும் என்றார்.

நான் மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே நின்றேன். பேசியிருக்கலாமோ? என்ன பேசுவது?

வழியில் படித்த போர்டுகளை மட்டும் சாயங்காலம் நோட்டில் எழுதினேன். விட்டால் டீச்சர் கேட்பாள்.

13 பிப்ரவரி, வியாழன்

கடிதம் வந்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து. நானே படித்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. லைசென்ஸை மூன்று மாதம் ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். 24ஆம் தேதி, காலை பத்தரை.

எனக்கு வந்த கடிதமில்லை. ஆனாலும் நான் முழுதாகப் படித்த முதல் கடிதம் இதுதான்.

செம்மொழி அண்ணாதுரைக்குப் போன் செய்தாள். அவர் பேசியது எனக்கே கேட்டது. "மூணு மாசம்னா அறுவடையே முடிஞ்சிரும் செம்மொழி. நான் காத்திருப்பேன். நெல்லு காத்திருக்குமா?"

ஒரு தடவை கைமாறிய லோடு திரும்பி வராது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

14 பிப்ரவரி, வெள்ளி

விடியும்போது ஒன்று தோன்றியது. உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

என்னால் மெதுவாகத்தான் படிக்க முடியும். வண்டி வேகமாகப் போனால் போர்டு பாதியில் போய்விடும். அன்றைக்கு நான் போர்டு படித்துக்கொண்டே வந்தேன். அப்படியானால் வண்டி எழுபத்தெட்டில் போயிருக்க முடியாது! நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தேதி இருக்கிறது. டீச்சர் டிக் போட்டிருக்கிறாள்.

செம்மொழியிடம் சொன்னேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். பத்து நாளுக்குப் பிறகு சிரித்தாள். "போலீஸ்கிட்ட ஒரு மிஷினு இருந்தா எங்கிட்ட ஒரு மிஷினு இருக்கு" என்று என் தலையைத் தொட்டாள்.

16 பிப்ரவரி, ஞாயிறு

மன்னார்குடியில் வக்கீல் சந்தானகிருஷ்ணன் வீட்டுக்குப் போனோம். எங்கள் ஊர்க்காரர்தான். அவர்கள் நிலத்தில் என் அப்பா வேலை செய்தார், நானும் செய்தேன். அப்போதெல்லாம் கொல்லைப் பக்கமாகத்தான் போவோம். இன்று நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

நோட்டை வாங்கி முதல் சில பக்கங்களைப் புரட்டினார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைக் காட்டி, "இதைப் படிங்கோ" என்றார். படித்தேன். கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு செகண்டு. பேரன் ரெண்டு செகண்டுல படிப்பான். நீங்க வேகமாப் படிச்சிருந்தா கேஸ் போயிருக்கும், வீரையன்." அவரே சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

வக்கீல் வர வேண்டாம், நேரில் காட்டினாலே போதும் என்றார். மூன்றாம் தேதிப் பக்கத்துக்கு ஒரு அடையாளம் வைத்து எடுத்துப் போகச் சொன்னார். "எழுதப்பட்ட ஆதாரம். அதுவும் கேஸ் வரதுக்கு முன்னாடியே எழுதினது. இதைவிட என்ன வேணும்?"

நான் எழுதியது ஆதாரம்! வழி முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

17 பிப்ரவரி, திங்கள்

அடையாளம் வைப்பதற்காக மூன்றாம் தேதிப் பக்கத்தை எடுத்தேன்.

மீரா உசேன் பஞ்சர் கடை. முழுதாக இருக்கிறது.
கால்நடை மருந்தகம். இருக்கிறது.
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி. இருக்கிறது.
அபயாம்பாள் திருமண ம
ரெங்கசாமி நெல் வி

அதோடு நிற்கிறது. அடுத்த வளைவில் போலீஸ்.

மற்ற நாட்களின் பக்கங்களைப் பார்த்தேன். ஜனவரியில் மூன்று இடத்தில் 'அபயாம்பாள் திருமண மண்டபம்' என்று முழுதாக எழுதியிருக்கிறேன். 'ரெங்கசாமி நெல் விதை விற்பனை நிலையம்' நான்கு இடத்தில். அன்றைக்கு மட்டும் பாதி.

செம்மொழி வந்ததும் காட்டினேன். பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"மேகம் கட்டிக்கிட்டு வந்துச்சுப்பா. மேல தார்ப்பாய் போடல. நெல்லு நனைஞ்சா எடுக்க மாட்டான். கொஞ்சம் மிதிச்சேன்."

"எவ்வளவு?"

"அறுபது. அறுபத்தஞ்சு இருக்கும். எழுபத்தெட்டு இல்லப்பா, சத்தியமா."

நம்புகிறேன். ஆனால் என் நோட்டு அறுபத்தைந்துக்கும் எழுபத்தெட்டுக்கும் வித்தியாசம் சொல்லுமா? வேகமாகப் போனாள் என்று மட்டும்தான் சொல்கிறது.

அவள் சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்தாள். "மீதியை எழுதிடுங்க."

"படிக்காததை எப்படி எழுதுறது?"

"அந்த போர்டுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? அவங்க மிஷினு பொய் சொல்லலாம், உங்க நோட்டு சொல்லக் கூடாதா?"

அவள் கேட்டதில் ஒரு ஞாயம் இருக்கிற மாதிரியும் இருக்கிறது. இல்லாத மாதிரியும் இருக்கிறது.

18 பிப்ரவரி, செவ்வாய்

எழுதிவிட்டேன்.

ண்டபம். நான்கு எழுத்து. தை விற்பனை நிலையம். ஒன்பது எழுத்து. மொத்தம் பதின்மூன்று. அதே பேனா. கை நடுங்கவே இல்லை. நான் எழுதியதிலேயே அழகாக வந்தது இதுதான்.

19 பிப்ரவரி, புதன்

வகுப்புக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். உடம்பு நன்றாக இருக்கிறது.

24 பிப்ரவரி, திங்கள்

பத்தரைக்குச் சொன்னார்கள், ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு முன்னால் பதினொரு பேர். நோட்டை ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தேன். பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அதிகாரி சின்ன வயதுக்காரர். சத்தம் போடவில்லை. செம்மொழி காரைப் பற்றிச் சொன்னாள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னிக்கு வந்த பதினொரு பேருக்கும் பக்கத்துல ஒரு கார் வந்திருக்கும்மா. எல்லாக் காரையும் நான் எங்க போய்த் தேடுறது?"

"படத்துலயே இருக்கு சார்."

"படத்துல உங்க வண்டியும் இருக்கு. மிஷினைச் சோதிச்ச சர்ட்டிபிகேட் இருக்கு. ரெண்டாவது தடவை வேற."

செம்மொழி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நோட்டை எடுத்து, அடையாளம் வைத்த பக்கத்தைத் திறந்து, மேசைமேல் வைத்தேன்.

"என்ன பெரியவரே இது?"

"அன்னிக்கு நான் படிச்ச போர்டு சார். நான் மெதுவாத்தான் படிப்பேன். வண்டி வேகமாப் போயிருந்தா இத்தனையும் படிச்சிருக்க முடியாது."

குரல் சரியாகத்தான் வந்தது. 'இத்தனையும்' என்று சொல்லும்போதுகூட.

அவர் பக்கத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "இந்த வயசுல எழுதப் படிக்கக் கத்துக்கிட்டீங்களா? ரொம்ப நல்லது. விடாம படிங்க." நோட்டை மூடி, இரண்டு கையாலும் எடுத்து, மரியாதையாக என் பக்கம் தள்ளினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம். மே 24 வரை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அதிகாரி அந்தப் பக்கத்தைப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். படித்துவிட்டு நம்பியிருந்தால்? படித்துவிட்டுக் கண்டுபிடித்திருந்தால்? இரண்டில் எதுவும் இல்லை. அந்தப் பதின்மூன்று எழுத்தையும் யாரும் கேட்கவே இல்லை.

26 பிப்ரவரி, புதன்

வகுப்புக்குப் போனேன். ஜஸீலா நோட்டைப் புரட்டினாள். மூன்றாம் தேதியில் விரல் நின்றது. அவள் டிக் போட்டது 'நெல் வி'யை ஒட்டி. என் புது எழுத்து அந்த டிக் மேலேயே ஏறிப் போயிருக்கிறது. எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

"இது அப்புறமா எழுதினதா தாத்தா?"

"ஆமாம்மா."

ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

9 மார்ச், ஞாயிறு

வண்டியை எங்கள் தெருப் பையன் அன்பரசன் நாள் வாடகைக்கு ஓட்டினான். ஒரு வாரம்தான். பிறகு அண்ணாதுரையே பாதிப் பணம் போட்டு அவனுக்குச் சொந்த வண்டி எடுத்துக் கொடுத்துவிட்டார். எங்கள் வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது.

பாட்டரி செத்துவிடக் கூடாது என்று செம்மொழி தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுகிறாள். உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். பிறகு அணைத்துவிட்டு இறங்குகிறாள்.

22 மார்ச், சனி

மழை. கொள்முதல் நிலையத்தில் வெளியே கிடந்த மூட்டைகள் நனைந்தன. எங்கள் காவலில் ஒன்றும் இல்லை.

11 ஏப்ரல், வெள்ளி

நாலு நாளாக வண்டிச் சத்தம் கேட்கவில்லை. கேட்டேன். "சும்மா நிக்கிற வண்டிக்கு டீசல் ஒரு கேடா" என்றாள்.

2 மே, வெள்ளி

திருத்துறைப்பூண்டியிலிருந்து இரண்டு பேர் வந்து பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை ஓட்டிப் போனார்கள். பின்பக்கம் அவள் பெயர் எழுதியிருந்தது. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், படித்ததில்லை. தெருமுனை திரும்புவதற்குள் படித்துவிட்டேன். மெதுவாகத்தான் போனார்கள்.

அவள் வீட்டுக்குள்ளே இருந்தாள்.

4 ஜூன், புதன்

போன வாரம் லைசென்ஸ் திரும்ப வந்தது. டிவி மேலே கிடக்கிறது.

செம்மொழி மன்னார்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. காலை எட்டு மணி டவுன் பஸ். இரவு ஒன்பதுக்கு வருகிறாள். நாள் முழுக்க நிற்பதால் கால் வீங்குகிறது. இன்று வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். பஸ்ஸிலாவது முன்னாடி ஏறி உட்காரக் கூடாதா, லேடீஸ் சீட் அங்கேதானே இருக்கிறது என்றேன்.

காலை வெந்நீரில் வைத்தபடி சொன்னாள்.

"முன்னாடி இருந்தா கால் தானா பிரேக்கைத் தேடுதுப்பா. அதான் பின்னாடியே நின்னுக்கறேன்."