பரணுக்குப் போன நாற்காலி

என் அன்பு மனைவிக்கு,

இங்கே நலம். உன் முழங்கால் வலி தேவலையா? தைலத்தை விடாமல் தடவு.

ஓய்வு பெற்ற பிறகும் வேலை என்று இந்த விடுதிக் காப்பாளர் பணிக்குக் கிளம்பியபோது, "ஒத்த ரூமையாவது ஒழுங்கா வச்சுக்குவீங்களா?" என்று கேட்டாய். வைத்திருக்கிறேன். காலிச் செருப்புப் பெட்டிகளை மேசை இழுப்பறைக்குள் அடுக்கியதில் பேனாவும் மாத்திரையும் தனித்தனியே இருக்கின்றன. கிழிந்த பனியன் தூசி துடைக்கிறது. எழுந்ததும் படுக்கையைச் சுருட்டிவிட்டால் பாதி அறை சுத்தம். நான் ஆணியடித்துக் கட்டிய கொடி மட்டும் ஈரத்துணியோடு என் தலையில் விழுந்தது. அடி ஒன்றுமில்லை. சமையல்காரர் எட்டிப் பார்த்து, "சார், துணியக் காயப்போடுறீங்களா, உங்களயே காயப்போடுறீங்களா?" என்றார்.

எல்லாம் உன் அக்கா வீட்டுக்காரரால் வந்த வினை. அவர் நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் கொக்கி மாட்டியதையும், பழைய புடவையில் பை தைத்துத் தொங்கவிட்டதையும், இடத்தை அடைக்கிறது என்று என் நாற்காலியைப் பரணில் ஏற்றியதையும் போனில் மூச்சுவிடாமல் சொன்னாய். "வீடே பெருசாயிடுச்சுங்க" என்றாய். சகலை கெட்டிக்காரர்தான். ஆனால் எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன்? நான் உட்கார்ந்திருந்த இடம்தானே அங்கே காலியிடமாகி, வீட்டைப் பெரிதாக்கியிருக்கிறது?

கொக்கி இருக்கட்டும், நல்ல யோசனை. உன் புடவையில் எனக்கும் ஒரு பை தைத்து அனுப்பு. துவைத்துவிடாமல் அனுப்பு.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். அந்த நாற்காலியை ஏற்றியவரையே விட்டு இறக்கி, ஜன்னலோரம் போட்டு, சாயங்காலம் கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்து பார்.