எர்ஸீலியாவுக்கு எழுதிய ஆறுதல்

அக்டோபர் 14

பழைய ரோமர்கள் படுக்கப்போகுமுன் தம்மையே விசாரித்துக்கொள்வார்கள்: இன்று எந்தக் குறையை எதிர்த்தாய், எதில் தேறினாய்? நான் அதைக் காலையில், காபிக்கு முன் செய்கிறேன். நேற்றைய குறை: பூசையில் பாதிரியாரின் லத்தீன் உச்சரிப்பைக் கேட்டு முகம் சுளித்தேன். எல்லோரும் பார்த்தார்கள். வருத்தமில்லை.

வயது எழுபத்தொன்பது. மூன்று அறை, புத்தகங்கள், மதியத்துக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சூப். போதும் என்கிற மனம் இருக்கிறது. பயம் இல்லை. இந்த விதெர்போ ஊரில் இவ்வளவு சொல்லக்கூடியவர் வேறு யார்?

அக்டோபர் 16

என் தங்கை எர்ஸீலியாவின் மகள் நோர்மா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, அம்மாவுக்கு இதயம் பாதிதான் வேலை செய்யுதாம். இனி வாரக்கணக்குதான்னு டாக்டர் சொல்றார். வர்றீங்களா?"

"அவள் கூப்பிட்டாளா?"

"நான் கூப்பிடறேன்." பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

எர்ஸீலியா என்னோடு பேசி எட்டு வருடம். அவள் மகன் துல்லியோ மோட்டார் சைக்கிள் விபத்தில் போனபோது நான் எழுதிய கடிதத்திலிருந்து. துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதல் கடிதம் எழுதுவது ரோமர் வழக்கம். முப்பத்தாறு வருடம் லத்தீன் சொல்லிக்கொடுத்தவள் வேறு எப்படி எழுதுவாள்? நாலு பக்கம், ஓர் அடித்தல் இல்லாமல். 'விருந்து முடிந்ததென்று அழுகிறவன் விருந்தை ருசிக்கத் தெரியாதவன்.' நல்ல வரி. அதில் என்ன குற்றம்?

அக்டோபர் 17

போகவில்லை.

அக்டோபர் 19

கண்ணீரைக் காட்டுவது அழுக்குத் துணியைக் காட்டுவது மாதிரி என்பார் நானும் எர்ஸீலியாவும் படித்த கான்வென்ட்டில் மதர் ஸ்கொலாஸ்திகா. என் கணவர் ரெமோவை அடக்கம் செய்த அன்று நான் அழவில்லை. ஊரே மெச்சியது.

எது தைரியம்? எர்ஸீலியாவின் ஊரான வெத்ரல்லாவுக்குப் பேருந்து ஏறுவதா, ஏறாமல் இருப்பதா? என் புத்தகங்கள் இரண்டு பக்கமும் பேசுகின்றன.

அக்டோபர் 22

போனேன். ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். பாதியாகிவிட்டிருந்தாள்.

"வாங்க டீச்சரம்மா. இன்னிக்குப் பாடமா, பரீட்சையா?"

"எப்படியிருக்கே?"

"பாதி இதயத்துல ஓடுது. உனக்கு முழுசா இருக்கு, வச்சு என்ன பண்ணினே?"

"அம்மா!" என்றாள் நோர்மா.

பேருந்தில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. "அந்தக் கடிதத்தில் என்ன தப்பு என்று சொல், எர்ஸீலியா" என்றேன். வகுப்பில் கேட்கிற குரலில். என் காதுக்கே கேட்டது.

"எனக்கு அது மனப்பாடம்க்கா. எத்தனை தரம் படிச்சேன்னு நினைக்கிறே? நாலு பக்கம். விதி இருக்கு, விருந்து இருக்கு, பிள்ளையைப் பறிகொடுத்த தளபதிங்க ரெண்டு பேர் இருக்காங்க. துல்லியோன்னு ஒரு இடத்துலகூட இல்ல. எம்புள்ள பேரைத் தேடித்தேடிப் படிச்சேன்."

இல்லை, இருக்கும் என்று வாயைத் திறந்தேன்.

வீட்டுக்கு வந்து நகலை எடுத்துப் பார்த்தேன். இல்லை. 'உன் இழப்பு' ஆறு முறை. பெயர் இல்லை.

அக்டோபர் 23

துல்லியோ. துல்லியோ. என் வகுப்பில் மூன்று வருடம், முன் பெஞ்சில். பாடப்புத்தகத்திலிருந்த சக்கரவர்த்திகள் அத்தனை பேருக்கும் மூக்குக்கண்ணாடி வரைந்தான். அவனை வெளியே நிறுத்திவிட்டு, ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். இதை ஏன் அன்று எழுதவில்லை?

எழுதியிருந்தால் அழுதிருப்பேன். அதுதானா? அதுக்குப் பயந்துதான் தளபதிகளைக் கூப்பிட்டேனா? பயமில்லாதவளாம் நான்!

அக்டோபர் 26

எர்ஸீலியாவிடம் மூக்குக்கண்ணாடிக் கதையைச் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தாள்.

"என்ன கண்ணாடி? வட்டமா?"

"வட்டம்தான்."

"அவங்கப்பா போட்டிருந்தது." கண்ணை மூடிக்கொண்டாள். "நாளைக்கு வேற ஒண்ணு கொண்டுவா."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 29

இன்றைக்குச் சொன்னது: மழையில் நனைந்த நாய்க்குட்டியோடு அவன் வகுப்புக்கு வந்தது.

நவம்பர் 2

இறந்தவர்கள் தினம். கல்லறைக்குச் சாமந்தி கொண்டுபோக எர்ஸீலியாவால் முடியாது. நானும் நோர்மாவும் போய்த் துல்லியோவிடம் வைத்துவிட்டு வந்தோம்.

பிறகு அவளருகில் உட்கார்ந்தேன். சொல்ல ஒன்றுமில்லை. துல்லியோவைப் பற்றி என்னிடம் இருந்தது மொத்தம் ஏழு சங்கதி. எட்டாவது எனக்குத் தெரியாது. மூன்று வருடம் அந்தப் பிள்ளை என் கண்ணெதிரே இருந்தான். ஏழுதான் பார்த்திருக்கிறேன்.

"தீர்ந்துபோச்சு, எர்ஸீலியா."

"அதனால என்ன? முதல்லேருந்து சொல்லு."

நவம்பர் 4

எர்ஸீலியா. காலை ஏழரைக்கு. நான் பேருந்தில் இருந்தேன்.

நவம்பர் 6

அடக்கம். கோயில் வாசலில் என் பழைய மாணவர் ஒருவர், இப்போது ஊரறிந்த நோட்டரி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "நீங்க சொல்லிக்குடுத்ததுதான் டீச்சர். விருந்து முடிஞ்சுதுன்னு அழறவன்..." மீதியையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். பத்துக்குப் பத்து. ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி கோழி சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நோர்மா கிண்ணத்தின் முன் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதாள். போதும், அடங்கு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"உங்கம்மாவுக்கு அப்போ ஒன்பது வயசு. கான்வென்ட்ல சிஸ்டர்ங்க கோழி வளர்த்தாங்க. ஒருநாள் ஒரு குஞ்சை மேல்சட்டைக்குள்ள ஒளிச்சு ஜெபத்துக்குக் கொண்டுவந்துட்டா. எல்லாரும் முட்டிபோட்டிருக்கோம்... அது உள்ளேயிருந்து..."

முகமெல்லாம் நனைந்தது. துடைக்கவில்லை. நோர்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம், பெரியம்மா?"